பெட்ரூம் கதவு வழியா வந்த பயணிகள்

எங்க வீட்டு பெட்ரூம் கதவைத் தொறந்துக்கிட்டு முதல் பயணி வெளிய வந்தப்ப நான் ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல ஒசரமான ஆளு, கையில சூட்கேஸ், நெத்தியில விபூதி, ஹாலைச் சுத்து முத்தும் பாத்துட்டு, "ஏம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. நானும் புளிக் கையோட அந்தப் பக்கம்னு காட்டினேன். போயிட்டு வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்தேன், குடிச்சாரு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கெடைக்குமான்னாரு, கெடைக்கும்னேன், படியில எறங்கிப் போயிட்டாரு. அவரு பின்னாலயே கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, மாலை வாடிப்போன ஒரு புது மாப்பிள்ளையும் பொண்ணும், குடையை ஊன்றிக்கிட்டு ஒரு வாத்தியாரு, ரசம் நுரை கட்டறதுக்குள்ள ஒரு பஸ் கொள்ற சனம் என் ஹாலைத் தாண்டிப் போயிருச்சு. உள்ள எட்டிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி வேர்த்து வடிய உக்காந்திருக்காரு. "சரோ, லேண்டிங் எப்படி இருந்துச்சாம்? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"ன்னு என்னையக் கேக்கறாரு.

இதை அதிசயம்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம்தான் வரும். வேடிக்கை பாக்கறவங்களுக்கு அது அதிசயம், வீட்டைக் கூட்டறவளுக்கு அது செருப்புத் தடம். என் வீட்டுக்காரரு பேரு தனுஷ்கோடி, நூல் மில்லுல எலக்ட்ரிகல் ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாழ்நாள்ல ஒரு விமானத்துல ஏறினதில்லை, மேல சத்தம் கேட்டா வெளிய ஓடிப் போயி அண்ணாந்து பாப்பாரு, அவ்வளவுதான் அவருக்கும் விமானத்துக்கும் உள்ள ஒறவு. ரிட்டயர் ஆன கையோட பெட்ரூம்ல ஒரு மேசையைப் போட்டு, மூணு திரையை வரிசையா நிறுத்தி, ஒரு ஸ்டியரிங்கும் காலுக்குப் பெடலும் வாங்கி மாட்டி, தென்றல் ஏர்வேஸ்ங்கற கம்பெனியில சேந்துட்டாரு. கம்பெனின்னா சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, விமானமே கிடையாது. ஒலகம் பூரா அங்கங்க வீட்டுல உக்காந்திருக்கற ஆம்பளைங்க ஒண்ணா சேந்து, கம்ப்யூட்டருக்குள்ள விமானம் ஓட்டி, நேரம் தவறாம கெளம்பி நேரம் தவறாம எறங்கி, ஒருத்தருக்கொருத்தர் கேப்டன் கேப்டன்னு கூப்பிட்டுக்குவாங்க. மொதல்ல காத்தாடி வச்ச சின்ன விமானம் குடுப்பாங்க. அதுல இத்தனை மணி நேரம் ஓட்டி, பரீட்சை எழுதி, ஒரு பெரியவர் முன்னாடி ஓட்டிக் காட்டினா அடுத்த விமானத்துக்கு ரேட்டிங் கெடைக்கும். ரேட்டிங் இல்லாம பெரிய விமானத்தைத் தொட முடியாது. அந்தப் பெரியவரு ஈப்போங்கற ஊர்ல பல் டாக்டரு, செல்லப்பான்னு பேரு, ஒரு கையால யாருக்கோ பல்லைப் புடுங்கிக்கிட்டே மறு காதுல இவரு எறக்கறதைக் கேப்பாருன்னு நான் நெனச்சுக்குவேன்.

திண்டுக்கல்ல விமான நிலையம் கிடையாது. இவரு கம்ப்யூட்டர்ல எறக்கறது மதுரையில, சனம் வந்து எறங்கறது எங்க ஹவுசிங் போர்டு ரெண்டாவது மாடியில. மொத மொதல்ல வந்தவங்க, "மதுரைன்னுதானே சொன்னாங்க"ன்னு என்கிட்ட சண்டைக்கு நின்னாங்க, அப்புறம் பழகிருச்சு. எப்படிய்யா ஏறினீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க: ஊருக்குப் போகணும் போகணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், ஏர்போர்ட்ல ஒரு கேட்டு முன்னாடி நின்னேன், கதவு தொறந்துச்சு, ஏறிட்டேன். எங்கிருந்து கெளம்பறாருன்னு இவரு முடிவு பண்றாரோ அந்த ஊர்ல ஏங்கிக்கிட்டு இருக்கறவங்க ஏறுவாங்க. விமானம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேரு வருவாங்க. சின்ன விமானத்துக்கு ஒரு குடம் தண்ணி போதும். ஜெட் ரேட்டிங் வாங்கினதுக்கப்புறம் பெரிய அண்டாவை எறக்கினேன்.

எங்க பிளாக்குக்காரங்களும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. ரெண்டே வாரத்துல கீழ ஆட்டோ ஸ்டாண்டு வந்துருச்சு. பக்கத்து வீட்டு மும்தாஜ் படிக்குக் கீழ ஸ்டவ்வைப் போட்டு டீயும் வடையும் ஆரம்பிச்சா. சங்கச் செயலாளர் தங்கமாரியப்பன் மட்டும் படி தேயுது, தண்ணித் தொட்டி காலியாகுதுன்னு வாரா வாரம் வந்து கத்துவாரு, ஒரு நா அவரோட கூடப் பொறந்த அக்காவே பம்பாய்லேர்ந்து எங்க பெட்ரூம் வழியா எறங்கி வந்து, "என்னடா மாரி, இப்படி எளச்சுட்டே"ன்னு அழுதாங்க, அதோட வாயை மூடிட்டாரு. போலீஸ்காரர் ஒருத்தர் விசாரிக்க வந்தாரு, வந்தவரு துபாய்ல இருக்கற தன் மச்சானுக்காக அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு ட்ரிப் போட முடியுமான்னு கேட்டுட்டுப் போனாரு. போர்டுக்காரங்க ஆள் அனுப்பினாங்க, வந்த ஆளும் வடை தின்னுட்டு, வீட்டுக்குள்ளேர்ந்து ஆள் வெளிய போறதுக்கு எங்க சட்டத்துல தடை இல்லைன்னு சொல்லிட்டாரு.

லேண்டிங்கைப் பத்தித்தான் பிளாக் பூரா பேச்சு. நல்லா எறக்கினார்னா சனம் சிரிச்ச மொகமா வரும், தொப்புன்னு போட்டார்னா இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "யாரும்மா அந்த டிரைவரு?"ன்னு திட்டிக்கிட்டே வரும். அன்னைக்கு இவரு சாயங்காலம் வாக்கிங்கே போக மாட்டாரு. ஒரு தரம் மாடி வீட்டுக்காரங்க மாவாட்டப் போயி ஃபியூஸ் போயிருச்சு, கரண்டு போனா விமானம் நடுவானத்துல நின்னுரும்ல, மறுநா கரண்டு வந்து ஆன் பண்ணி எறக்கினதும் வெளிய வந்தாய்ங்க பாருங்க, பசியில கண்ணு உள்ள போயி, ஒரு ராத்திரி பூரா மேகத்துக்குள்ள நின்னோம்யான்னு. அன்னைக்கு மும்தாஜ் கடையில ஒரு வடை மிஞ்சல. அதுலேர்ந்து இவரு எறக்கற நேரம் யாரும் கிரைண்டர், மோட்டார் எதையும் போடறதில்லைன்னு சங்கத்துல தீர்மானமே போட்டாங்க.

எல்லாரும் எங்களைக் கும்பிட்டாங்க. எனக்கு மட்டும் கால் வீங்கிக்கிட்டே போச்சு. தண்ணி குடுக்கறது, பாத்ரூமைக் கழுவறது, விட்டுட்டுப் போன குடையை எடுத்து வைக்கறது, அழுதுக்கிட்டு வர்றவங்களை உக்கார வைக்கறது, திரும்பவும் தண்ணி குடுக்கறது. ஒவ்வொரு விமானத்துக்கும் நான் பெட்ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு வர்ற ஒவ்வொரு மொகத்தையும் பாப்பேன். வந்தவங்க நான் உபசரிக்க நிக்கறேன்னு நெனச்சுக்குவாங்க. நான் என் மகளைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

பூர்ணிமா எங்களுக்கு ஒரே பிள்ளை. இவரு வீடு வீடாப் போயி பத்திரிகை வச்சு, மண்டபத்துக்குச் சொல்லி, சமையலுக்குச் சொல்லி, எல்லாம் ஆனதுக்கப்புறம் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பான்னு சொன்னவ. சொன்னதோட நிக்காம வேலை கெடச்சிருக்குன்னு நியூசிலாந்துக்குக் கெளம்பிட்டா. இவரு கத்தல, அடிக்கல. அவ பெட்டியைத் தூக்கிக்கிட்டு எறங்கறப்ப, பிளாக்கே வேடிக்கை பாக்க, "இனிமே இந்த வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது"ன்னாரு. ஏழெட்டு வருசம் ஓடிப் போச்சு. அங்கயே ஒரு நல்ல பையனைக் கட்டிக்கிட்டா, வெண்பான்னு ஒரு பொம்பளப் பிள்ளை. நான் போன்ல பாப்பேன், பிள்ளை போனை நக்கும், நானும் இந்தப் பக்கம் கண்ணாடியைத் தடவிக்குவேன், அதுக்கு மேல என்ன செய்ய முடியும். ஊருக்கு வாடின்னா, "அப்பா ஒரு வார்த்தை கூப்பிடட்டும்மா, அடுத்த விமானத்துல வர்றேன்"ம்பா. இவருகிட்ட வந்து சொன்னா, போயி கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவாரு.

ஒரு நா எனக்குத் தாங்கல. அண்டாவை நங்குன்னு வச்சுட்டுக் கேட்டேன். "ஊர்ல உள்ள பிள்ளைங்களையெல்லாம் கொண்டாந்து எறக்கறீங்களே, நம்ம பிள்ளையை எப்பக் கொண்டாருவீங்க?"

"அதுக்குத்தான் சரோ இத்தனையும்"னாரு.

"எதுக்குத்தான்?"

"இப்ப ஓட்டற விமானம் அவ்வளவு தூரம் பறக்காது. பெரிசு வேணும். அதுக்கு ரேட்டிங் வேணும்."

"ஒரு போன் போட்டா போதும்ங்க. ரேட்டிங் எதுக்கு?"

"சொன்ன சொல்லு இருக்குல்ல. வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னுட்டேன்." அப்படியே தலையைக் குனிஞ்சுக்கிட்டு, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாரு. "பெட்ரூம் வழியா வந்தா வாசப்படியை மிதிக்க வேண்டியதில்லையே. உள்ளதான இருப்பா."

எனக்குச் சிரிக்கறதா, அந்த மனுசன் தலையில அண்டாத் தண்ணியைக் கவுக்கறதான்னு தெரியல. இத்தனை வருசமா ராப்பகலா மேகத்தைப் பத்தியும் காத்தைப் பத்தியும் எரிபொருளைப் பத்தியும் படிச்சு, சின்னதுலேர்ந்து பெரிசு, பெரிசுலேர்ந்து இன்னும் பெரிசுன்னு பரீட்சை பரீட்சையா எழுதி, பல் டாக்டர்கிட்ட திட்டு வாங்கி, கழுத்து வலிக்குப் பட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது, வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லாம தப்பிக்கறதுக்கு. ஆனா பாருங்க, அதே மனுசன் அதைச் சொல்லிட்டு மொகத்தைத் தொடச்சுக்கிட்டப்ப எனக்குத் திட்ட மனசு வரல. சரி, படிங்கன்னு காப்பி போட்டுக் குடுத்தேன்.

நாலு இன்ஜின் வச்ச விமானத்துக்கான பரீட்சையில ஒரு தரம் தோத்தாரு. பக்கவாட்டுக் காத்துல வண்டி கோணிப் போச்சாம். சோறு இறங்காம ஒரு வாரம் கெடந்தாரு, பிளாக்கே துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. மறுபடி எழுதினாரு. கடைசியா ஓட்டிக் காட்டற பரீட்சைக்கு, எந்த வழியில வர்றீங்க கேப்டன்னு செல்லப்பா கேட்டாரு. இவரு நியூசிலாந்துல ஆக்லாந்துன்னாரு. அங்கிருந்து இங்க வந்து, மறுநா காலி விமானத்தை அங்க திரும்பக் கொண்டு போயி விட்டாத்தான் ரேட்டிங். மத்த விமானத்துக்கெல்லாம் திரும்பற பயணத்தைக் கம்பெனியே விட்டுக் குடுத்துரும், இதுக்கு மட்டும் கட்டாயம்.

நான் பூர்ணிமாவுக்குப் போன் பண்ணி, "உங்கப்பன் விமானம் வருதுடி, ஏறிடு. வாயால சொல்லல, ஆனா அவரு உன்னைக் கூப்பிட வர்றதுதான் அது"ன்னேன். பாக்கறேம்மான்னு சொன்னா.

அன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் இவரு அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல. பிளாக்ல ஒரு வீட்டுலயும் மிக்சி ஓடல, டிவி ஓடல, ஃபேனைக் கூட அணைச்சுட்டு விசிறியால வீசிக்கிட்டாங்க. தங்கமாரியப்பன் மெயின் பெட்டிக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக் காவலுக்கு உக்காந்துட்டாரு. நான் பிள்ளைக்குன்னு பால் காச்சி ஆற வச்சேன். எறங்கினப்ப ஒரு சத்தம் இல்ல, மேசை மேல இருந்த தம்ளர்ல தண்ணி கூட ஆடல. அப்படி ஒரு எறக்கம் அவரு வாழ்க்கையில எறக்கினதில்லை. கதவு தொறந்துச்சு.

வந்தாங்க, வந்தாங்க, வந்துக்கிட்டே இருந்தாங்க. கம்பளிச் சட்டை போட்டவங்க, கழுத்துக்குத் தலையணை மாட்டினவங்க, தூங்கற பிள்ளைங்களைத் தோள்ல போட்டவங்க, முட்டி வலிக்குதுன்னு செவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தவங்க, எங்க ஹால் கொள்ளாம, படி கொள்ளாம, கீழ ரோடு வரைக்கும் சனம். ஒவ்வொரு மொகமாப் பாத்தேன். கண்ணு எரிஞ்சுச்சு. அண்டா காலியாச்சு, ரொப்பினேன், திரும்பக் காலியாச்சு. கடைசியா ஒரு பொண்ணு வந்துச்சு, மெர்சின்னு பேரு, தேனிப் பக்கத்துப் பொண்ணு, அங்க நர்ஸா இருக்காம். அதுக்குப் பின்னாடி யாரும் வரல.

நான் அதுகிட்ட, "பிள்ளையோட ஒரு பொண்ணு நிக்கலியாம்மா அங்க?"ன்னு கேட்டேன்.

"நின்னாங்க ஆன்ட்டி. கடைசி வரைக்கும் நின்னாங்க. ஏறப் போறப்ப உள்ளேர்ந்து கேப்டன் மைக்குல பேசினாரு. எல்லாரும் வருக வருகன்னு சொன்னாரு. அவங்க அதைக் கேட்டுக்கிட்டே நின்னாங்க."

"அப்புறம்?"

"எல்லாரையும்தானே கூப்பிடறாருன்னு சொன்னாங்க. சொல்லிட்டு பிள்ளையைத் தூக்கிட்டுப் போயி ஒரு நாற்காலியில உக்காந்துட்டாங்க."

அந்தப் பொண்ணுக்கும் தண்ணி குடுத்தேன். அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். உள்ள போனா இவரு ஹெட்செட்டைக் கழட்டாம கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சொன்னேன். ஒரு வார்த்தை விடாம சொன்னேன். ஹெட்செட்டுக்குள்ள செல்லப்பா, அருமை கேப்டன், அருமைன்னு சொல்லிக்கிட்டே இருந்தது எனக்கே கேட்டுச்சு.

"மைக்குல அவ பேரைச் சொல்லிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.

"தனிப்பட்ட பேச்சு பேசக் கூடாதுன்னு கம்பெனி ரூல்."

"நாசமாப் போச்சு உங்க ரூலு"ன்னு சொல்லிட்டு, ஆறிப் போன பாலைக் குடிக்க ஆளில்லாம நானே குடிச்சேன்.

மறுநா காலையில காலி விமானத்தைத் திருப்பிக் கொண்டு போக அவரு உக்காந்தப்ப, நான் குளிச்சு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, பருப்புப் பொடியும் பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, பெட்ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திட்டு, கட்டில்ல உக்காந்தேன். அவரு திரும்பிப் பாத்தாரு.

"என்ன சரோ?"

"காலியாத்தானே போகுது. நான் வர்றேன்."

"இதுல யாரும் இங்கிருந்து ஏறினதில்லையே."

"யாரும் கேக்கல. நான் கேக்கறேன்."

"பாஸ்போர்ட்டு…"

"என் பெட்ரூம்ல நான் உக்கார பாஸ்போர்ட்டு வேணுமா? ஓட்டுங்க."

அவரு திரைப் பக்கம் திரும்பிக்கிட்டு, பெல்ட்டு போட்டுக்கோன்னாரு. பெல்ட்டு எங்க இருக்கு, போர்வையை எடுத்து மடியில இறுக்கிக்கிட்டேன். விமானம் கெளம்பினப்ப கட்டில் லேசாப் பின்னாடி சாஞ்ச மாதிரி இருந்துச்சு, ஜன்னலுக்கு வெளிய புளியமரம் இருந்த இடத்துல வெள்ளையா மேகம் போச்சு. எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. இத்தனை வருசத்துல மொத தடவையா யாருக்கும் தண்ணி குடுக்காம, கதவுப் பக்கம் நிக்காம, காலைத் தூக்கிக் கட்டில்ல நீட்டி உக்காந்திருக்கேன்னு மட்டும் தோணுச்சு. கடல் வந்துச்சு, கடல் போகவே இல்ல. அவரு முதுகைப் பாத்துக்கிட்டே இருந்தேன். சட்டை தொளதொளன்னு ஆயிருச்சு, கழுத்து சுருங்கிருச்சு. நடுவுல ஒரு தரம் திரும்பாமலே, "கால் வலிக்குதா?"ன்னாரு. வலிக்குதுன்னேன். "கொஞ்சம் தூங்கேன்"னாரு. தூங்கினேன்.

முழிச்சப்ப எறங்கியாச்சு. அலுங்கல, குலுங்கல. நான் பையை எடுத்துக்கிட்டு, "வாங்க"ன்னேன். "இன்ஜினை அணைக்கணும், நெறைய வேலை இருக்கு, நீ போ"ன்னாரு. கதவைத் தொறந்தேன். எங்க ஹால் இல்ல. குளுகுளுன்னு காத்து, வழவழன்னு தரை, பெரிய கண்ணாடிச் சுவரு, வரிசையா நாற்காலி. மூணாவது நாற்காலியில பூர்ணிமா உக்காந்திருந்தா, அன்னைக்கு உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல போல. முடியைக் குட்டையா வெட்டிருந்தா, கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருந்துச்சு, மடியில பிள்ளை தூங்குச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு ஓடி வந்தா, அம்மான்னா, நாங்க ரெண்டு பேரும் அழுத அழுகையைப் பத்தி நான் சொல்லப் போறதில்லை. பிள்ளை முழிச்சுக்கிட்டு என் மூக்குத்தியைப் புடிச்சு இழுத்துச்சு.

அப்புறம் அவ என் தோளுக்கு மேல எட்டி, தொறந்து கெடந்த கதவைப் பாத்தா. உள்ள எங்க பெட்ரூம், கட்டில், கசங்கின போர்வை, மேசை, அவரு முதுகு. அவரு ஹெட்செட்டோட உக்காந்து, இன்ஜின் அணைக்கிறப்ப படிக்கிறதை ஒண்ணொண்ணா சத்தமாப் படிச்சுக்கிட்டு இருந்தாரு. இன்ஜின் அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. முடிச்சுட்டு, திரும்ப மொதல்லேர்ந்து படிக்க ஆரம்பிச்சாரு.

"அப்பா எறங்கி வரலையாம்மா?"

அவ கொரல் அவருக்குக் கேட்டுச்சு. படிக்கறது நின்னுச்சு. முதுகு அப்படியே இருந்துச்சு, திரும்பல. இவளும் வாசல்ல காலை வைக்கல, ஒரு அடி தள்ளி நின்னுட்டா. எத்தனையோ வருசமா நான் இவருகிட்ட அவளுக்காகவும் அவகிட்ட இவருக்காகவும் பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. இப்பவும் ரெண்டு பேரும் நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க.

"உள்ளதான் இருக்காரு. நீ கூப்பிடுறதுன்னா கூப்பிடு, அவரு கூப்பிடுறதுன்னா கூப்பிடட்டும். என்னால இனிமே முடியாதுடி"ன்னேன்.

அவ கையிலேர்ந்து பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அந்தப் பக்கம் அவரையும் இந்தப் பக்கம் அவளையும் நடுவுல தொறந்த கதவையும் அப்படியே விட்டுட்டு, நான் போயி அந்த மூணாவது நாற்காலியில உக்காந்துட்டேன்.